ஈரறிவு விருந்தினர்

பினாங்குத் தீவைச் சூழ்ந்து கடல் கிடக்கின்றது. தீவின் நடுவே மலை நிற்கின்றது. மலையின் மடியிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. இவ்வாறு நீரின் அணைப்பிலே வாழும் மக்கள், அந்நீரில் ஒரு பங்கினை வீட்டிற்குள்ளும் வைத்துப் பார்க்க விழைவதில் வியப்பில்லை. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் சிலவற்றில், வானம் பார்த்த நடுமுற்றத்திலே நீர்த்தொட்டியும் மீன்களும் இடம்பெற்றிருந்தன. அடுக்குமாடி வீடுகள் எழுந்த பின்னர் முற்றம் மறைந்தது, மீன் மறையவில்லை. கூடத்தின் மூலையிலே, தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகிலே, ஈரடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டிக்குள் அது குடிபுகுந்தது.

மீன்தொட்டி என்பது மனிதன் தன் கையால் ஆக்கிக்கொண்ட ஒரு குளம். அதன் கரை அவன் இட்டது. அடியில் கிடக்கும் மணல் அவன் கழுவிப் பரப்பியது. இத்தனை மீன், இன்ன நிறம், இவ்வளவு ஒளி என்று வரையறுத்தவனும் அவனே. வெளியுலகில் எதனையும் தன் விருப்பப்படி அமைக்க இயலாதவனுக்கும் இந்த ஈரடி உலகம் அடங்கி நடக்கின்றது. அதனால்தான் அதன்முன் அமரும்போது மனம் அமைதி கொள்கின்றது போலும். அந்த அமைதியை முதன்முதலாகக் குலைப்பது பூனையும் அன்று, புயலும் அன்று. கடுகளவு தோன்றி, கண்ணாடியில் மெல்ல ஊர்ந்து வரும் ஒரு நத்தை.

அதனை யாரும் விலைகொடுத்து வாங்குவதில்லை. கடையிலே வாங்கிய நீர்ச்செடியின் இலையடியில், பளிங்குபோன்ற பசைத்துளிக்குள் அதன் முட்டைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. செடியைத் தொட்டியில் நட்டவர் அத்துளியைக் காண்பதில்லை. சில வாரங்கள் கழிகின்றன. ஒரு நாள் காலையில் ஒன்று தென்படுகின்றது. ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று வீட்டார் நகைக்கின்றனர். அடுத்த திங்களில் இருபது; அதற்கடுத்த திங்களில் எண்ணிக்கை எண்ணுக்கு அடங்குவதில்லை. நகைப்பு அப்போது நின்றுவிடுகின்றது.

இவ்வாறு வருபவற்றுள் இரண்டினைத் தமிழ் மாணவர் சிறப்பாக அறிந்துகொள்ளுதல் தகும். ஒன்று, மெல்லிய ஓடும் புள்ளியிட்ட உடலும் கொண்ட சிறு நத்தை. 1805-ல் பிரான்சு நாட்டிலிருந்து திராப்பர்னோ என்பார் இதற்கு அறிவியற் பெயர் இட்டார். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டமே என்பது பின்னரே தெளிவாயிற்று. இதன் ஓடு பெரும்பாலான நத்தைகளுக்கு எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டிருக்கும். சங்குகளுள் அம்முறுக்கு உடையதனையே நம் முன்னோர் வலம்புரி என்று போற்றினர். சங்கில் அது கிடைத்தற்கரிய செல்வம். இந்நத்தையிலோ ஓரினம் முழுவதும் வலம்புரியே. ஆயினும் இதனை யாரும் பூசையறையில் வைப்பதில்லை. வாளியில் அள்ளி வெளியே எறியவே முனைகின்றனர். அரிதாக இருந்தால் செல்வம், மிகுந்துவிட்டால் தொல்லை என்பது பொருள்களுக்கு மனிதன் இட்ட விதி.

மற்றொன்று, கூம்புபோல நீண்ட ஓடுடையது. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, விளக்கணைந்த பின் வெளிவருவது. இதனை உலகெங்கும் மீன் வளர்ப்போர் ‘மலேசிய எக்காள நத்தை’ என்று அழைக்கின்றனர். டென்மார்க்கு நாட்டு அறிஞர் மூல்லர் 1774-ல் இதனை நூலில் முதன்முதல் விவரித்தபோது குறித்த இடம் மலேசியா அன்று, சோழமண்டலக் கரை. தரங்கம்பாடி அப்போது டேனியர் வசம் இருந்த காலம் அது. தமிழ்க் கரையிலே முதற்பெயர் பெற்று, மலேசியாவின் பெயரால் இன்று அறியப்படும் இவ்வுயிரின் வரலாறு, பினாங்குத் தமிழர்க்கு முற்றிலும் அயலானதாகத் தோன்றாது. இவ்வினத்தில் பெண் நத்தை ஆணின் துணையின்றியே பெருகவல்லது; முட்டையிட்டுப் போகாமல், குஞ்சுகளைத் தன் உடலுக்குள் ஒரு பையில் சுமந்து ஈனுவது. ஆகவே ஒன்றே ஒன்று தொட்டிக்குள் புகுந்தாலும் போதும். குடும்பம் தானே வளர்ந்துவிடும்.

ஆயர் ஈத்தாம் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அவருடைய துணைவியார் மறைந்த ஆண்டில், தந்தையின் வீடு வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்ட மகன், ஒரு மீன்தொட்டியை வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். பன்னிரண்டு கப்பி மீன்களும், கண்ணாடிபோன்ற சிற்றிறால்கள் சிலவும், இரண்டு கொத்து நீர்ச்செடியும் அதில் இருந்தன. ஓராண்டிற்குள் அங்கே மீனைவிட நத்தையே மிகுந்தது. கண்ணாடியில் கருமணி இறைத்தாற்போல் அவை ஒட்டிக் கிடந்தன. ஞாயிறுதோறும் வரும் பேத்தி, ஒரு பழைய பயிற்சி ஏட்டில் அவற்றின் எண்ணிக்கையைக் குறித்து வைப்பதை விளையாட்டாகக் கொண்டாள்.

கடைக்காரர் ஒரு மருந்துப் புட்டியை எடுத்து நீட்டினார். ஆசிரியர் கண்ணாடியை அணிந்துகொண்டு அதன் சீட்டைப் படித்தார். அதிலிருந்த முதன்மைப் பொருள் செம்பு. செப்புக் குடத்து நீர் உடலுக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தவருக்கு, அச்செம்பே நத்தைக்கு நஞ்சு என்பது புதிய செய்தி. நத்தைக்கு மட்டுமன்று, இறாலுக்கும் அது கூற்றுவன். கடினமற்ற மென்னீரில் செம்பின் கொடுமை மீனுக்கும் கூடுதல். இன்னும் ஒன்றுண்டு. நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் மடிந்தால், ஓட்டுக்குள் அவ்வுடல்கள் அழுகும். அழுகலிலிருந்து அம்மோனியா எழும். நஞ்சுக்குத் தப்பிய மீன், பிணத்தின் நஞ்சுக்குத் தப்பாது. ஆசிரியர் புட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

பகையைக் கொண்டு பகையை வெல்லலாம் என்று கூறுவாரும் உளர். நத்தையைத் தின்னும் உயிர்கள் பல உண்டு. சுமத்திரா, போர்னியோ ஆறுகளுக்குரிய கோமாளி அயிரை அவற்றுள் ஒன்று. ஆனால் அது ஓரடி வரை வளர்வது, கூட்டமாக வாழ்வது. ஈரடித் தொட்டி அதற்குச் சிறை. கேரளத்துப் பம்பை ஆற்றிலிருந்து 1941-ல் ஹோராவும் நாயரும் விவரித்த குட்டிப் பேத்தை மீன் விரலின் ஒரு கணுவளவே உள்ளது. நத்தையை விரும்பி உண்பது. ஆயினும் கப்பியின் தோகைபோன்ற வாலையும் அது விட்டுவைப்பதில்லை. தென்கிழக்காசிய ஓடைகளிலேயே வாழும் ‘கொலைகார நத்தை’ என்பதொன்று, மஞ்சளும் கருமையுமாகப் பட்டையிட்ட ஓட்டுடன் மணலில் ஒளிந்திருந்து பிற நத்தைகளைத் தின்னும். இது மீனுக்குத் தீங்கு செய்வதில்லை, மெல்லப் பெருகுவது. இம்மூன்றனுள் சிறுதொட்டிக்குப் பொருந்துவது இதுவே. எனினும், தீனி மிகுந்த தொட்டியில் அது தின்னும் வேகத்தைவிட மற்றவை பிறக்கும் வேகமே மிகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்த நத்தைகள் ஒரு கிண்ணம் நிறைய இருந்தன. பேத்தி கேட்டாள்:

“தாத்தா, இதையெல்லாம் கீழே லோங்காங்கில் ஊற்றிவிடட்டுமா? பாவம், எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்.”

“வேண்டாம், அம்மா. பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் அச்சம்,” என்றார் அவர்.

அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. தென்னமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தையை உணவுக்காக வளர்க்கலாம் என்று கருதி, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைத் தைவானுக்குக் கொண்டுவந்தனர். சுவை மக்களுக்குப் பிடிக்கவில்லை, வளர்த்தவர் கைவிட்டனர், கைவிடப்பட்ட நத்தை வாய்க்கால் வழியே வயலுக்குச் சென்றது. பத்தாண்டுகளுக்குள் பிலிப்பீன்சு, ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளின் நெல்வயல்களில் அது காணப்பட்டது. மலேசியாவில் 1991-ல் சிலாங்கூரின் பூச்சோங்கிலும், 1992-ல் சபாவின் கெனிங்காவிலும் அது கண்டறியப்பட்டது. பின்னர்த் தீபகற்பத்தின் நெல் வட்டாரங்கள் பலவற்றிற்கும் பரவியது. மலாய் மொழியில் அதனைச் ‘சிப்புட் கொண்டாங் எமாஸ்’ என்பர். இரவில் நீரைவிட்டு ஏறி, நெற்றண்டிலும் வரப்போரக் குச்சியிலும் இளஞ்சிவப்புக் கொத்தாக முட்டையிடும்; ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். விதைத்த முதற்சில வாரங்களில் இளநாற்றை அடியோடு தின்று தீர்க்கும். உலகின் மிகக் கொடிய அயல் உயிரினங்கள் நூறு என்று தொகுக்கப்பெற்ற பட்டியலில் அதற்கும் ஓர் இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் அவ்வினத்தைச் சார்ந்த நத்தைகள் அனைத்தையும் நாட்டிற்குள் கொண்டுவருதலும் பரப்புதலும் ஆகாது என்று தடுத்தது.

தங்கம் என்ற பெயருடன் வந்த அது உழவனின் தங்கத்தையே தின்றது. மீன்தொட்டிக் கடைகளிலும் அதன் உறவினங்கள் அழகுக்காக விற்கப்பட்டதுண்டு. ஆகவே, இல்லத்துத் தொட்டிக்கும் வயலுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கால்வாயின் நீளமே. கடலுக்கு அப்பால் செபராங் பிறையில் நெல் விளைகின்றது. தீவின் மலையோடைகளிலோ, வேறோர் அரிய செல்வம் வாழ்கின்றது. 1849-ல் மருத்துவர் கேண்டர் பினாங்கிலிருந்து விவரித்த சண்டைமீன் அது; தன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பது. 2021-ல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அத்தகைய நீரில், எங்கிருந்தோ வந்த நத்தையையும் அதனொடு ஒட்டிய நோயையும் ஊற்றுவது அருள் ஆகாது.

உயிரை விடுவித்தல் புண்ணியம் என்னும் வழக்கம் பௌத்தர்களிடையே உண்டு. ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி ஆலயத்தின் ஆமைக் குளம் அவ்வழக்கத்திற்கென அமைந்தது. ஊரார் யாவரும் அறிந்தது. ஆனால் அது சுவர் சூழ்ந்த குளம். கால்வாய்க்குச் சுவரில்லை. இவ்வேறுபாட்டை ஆசிரியர் பேத்திக்கு விளக்கினார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆனால் அவள் கேள்வி அடங்கவில்லை.

“அப்படியென்றால் கொன்றுவிடவா, தாத்தா?”

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் கொல்லாமை அதிகாரத்தை நடத்தியவர் அவர். அதன் பத்துக் குறள்களும் அவருக்கு நாநுனியில் உள்ளவை. ஆயினும் அன்று அவர் ஒன்றையும் ஓதவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன், அம்மா,” என்று மட்டும் கூறினார்.

அன்றிரவு அவர் எண்ணத்தில் எழுந்தது திருக்குறளன்று, தொல்காப்பியம். உயிர்களை அறிவின் அடைவில் ஆறாக வகுக்கும் மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவாக வைக்கின்றது. அடுத்த படியில், ஈரறிவுடையனவாக நந்தையும் முரளையும் காட்டுகின்றது. நந்து என்பது நத்தை. உற்றறிவதும் நாவால் அறிவதுமே அதற்குரிய இரண்டு அறிவுகள். இன்றைய உயிர்நூல், நத்தைக்கு ஒளியுணரும் கண்ணும் மணமறியும் உணர்கொம்பும் உண்டு என்று கூறும். தொல்காப்பியம் வகுத்தது ஆய்வுக்கூடத்து முடிவன்று. கூர்ந்து நோக்கியோர் கண்ட மரபு. ஆயினும் அந்நோக்கின் நுட்பம் அவரை வியக்கவைத்தது. தொடுதலும் சுவைத்தலுமே நத்தையின் வாழ்வு. ஊர்கின்ற இடமெல்லாம் அரம்போன்ற தன் நாவினால் சுரண்டிச் சுவைத்தே அது செல்கின்றது. நாவால் வாழும் உயிரின் பெருக்கத்தை அளப்பது எது? உணவன்றி வேறில்லை.

வயலில் உழவரும் இதனை அறிவர். பப்பாளி இலையையும் மரவள்ளி இலையையும் வாய்க்கால் ஓரத்தில் இட்டு, நத்தை வந்து மொய்த்தபின் கையால் பொறுக்குவர், நீர் புகும் வாயில் வலை கட்டுவர், நீரை வடிப்பர், வாத்துகளை விடுவர். ஆசிரியர் பப்பாளி இலைக்கு ஈடாக வெள்ளரித் துண்டு ஒன்றைத் தேர்ந்தார். விளக்கணைக்கும்போது அதனை ஒரு முட்கரண்டியில் செருகி மணல்மேல் கிடத்தினார். விடியலில் எடுத்தபோது, வெள்ளரி தெரியவில்லை, நத்தைகளே தெரிந்தன. ஒரு வாரம் தொடர்ந்து இவ்வாறு செய்தார். புதிய செடி வாங்கினால், அதனைப் படிகாரம் கரைத்த நீரில் நனைத்துக் கழுவி, பசைக்குள் தப்பிய முட்டையும் பொரிந்து வெளிப்படுமாறு இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் கற்றார். நத்தைகள் எலியின் நுரையீரற் புழுவைச் சுமக்கக்கூடியவை என்பதனால், தொட்டியில் கைவைத்த பின் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வீட்டில் சட்டமாயிற்று.

எனினும் எண்ணிக்கை முழுவதும் இறங்கவில்லை. பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தன. காரணத்தைக் கண்டறிந்தது பேத்தியின் ஏடு. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் தாத்தாவுடன் தங்கிய அவள், நத்தையை மட்டுமன்றி மீனுக்குத் தீனி இடும் வேளைகளையும் குறித்து வந்தாள்.

“தாத்தா, நேற்று நீங்கள் ஆறு தடவை தீனி போட்டீர்கள்,” என்றாள்.

அவர் ஏட்டை வாங்கிப் பார்த்தார். காலை ஆறரை, பத்து, நண்பகல், மாலை நான்கு, விளக்கேற்றும் நேரம், படுக்கப் போகுமுன். அவ்வேளைகள் எல்லாம் அவருக்குத் தெரிந்த வேளைகள். காப்பி கலக்கும் ஓசை சமையலறையில் எழுந்த வேளை. நாளிதழை இருவரும் பிரித்துப் படித்த வேளை. நான்கு மணித் தேநீருக்கு எதிரே ஒருவர் அமர்ந்த வேளை. அந்நேரம் வரும்போதெல்லாம் அவர் கால்கள் தொட்டியை நாடின. நிழல் கண்ட மீன்கள் மேலே எழுந்து வாய்திறந்தன. தம்மை எதிர்பார்க்கும் உயிர் ஒன்று வீட்டில் உள்ளது என்ற எண்ணத்தில், அவர் ஒரு சிட்டிகை தூவினார். மீன் உண்டது ஒரு பங்கு. மணலில் படிந்தது மூன்று பங்கு. அதனை உண்டு பெருகியதே நத்தைக் குலம். தனிமை மிகுந்த வீட்டில் தீனி மிகுந்தது. தீனி மிகுந்த தொட்டியில் நத்தை மிகுந்தது.

மறுநாள் முதல் ஒரே வேளை. இரண்டு நிமிடத்தில் மீன் உண்டு முடிக்கும் அளவே தீனி. வாரத்தில் ஒரு நாள் நோன்பு. ஞாயிறுதோறும் குழாயிட்டு மணலின் அடியில் தங்கிய கசடு உறிஞ்சி எடுக்கப்பட்டது. பாசி வளராதவாறு விளக்கெரியும் நேரமும் குறைந்தது. செய்வதற்கு எளியவை இவை. ஆனால் எஞ்சிய ஐந்து வேளைகளை என் செய்வது என்பதே அவர்க்குக் கடினமாயிற்று. பத்து மணிக்குச் சந்தை வரை நடந்தார். நண்பகலில் அலமாரியில் தூசு படிந்த நூல்களை எடுத்தார். மாலை நான்கு மணி மட்டும் நெடுநாள் வெறுமையாகவே இருந்தது. பின்னர் அந்நேரத்தில் பேத்தி தொலைபேசியில் அழைத்து, தமிழ்ப் பாடத்தில் ஐயம் கேட்கலானாள். ஐயம் இல்லாத நாள்களிலும் அழைத்தாள்.

அவளுடைய பழைய கேள்விக்கும் அவர் விடை கூறினார். “கொல்வது எளிதன்று, அம்மா. நாம் எடுத்தவற்றை உறைபெட்டியில் ஒரு நாள் வைத்து, செடித்தொட்டி மண்ணில் புதைக்கின்றோம். அது நாம் செய்வதுதான். வேறு பெயர் சொல்லி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேண்டாததைப் பிறக்கவிட்டுப் பின்னர்க் கொல்வதைக் காட்டிலும், மிகுதியாகப் பிறவாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அது நம் கையில் உள்ளது.” சிறுமி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, ஏட்டில் அவ்வாரத்து எண்ணை எழுதினாள்.

நான்கு திங்களில் எண் சரிந்தது; சுழியை எட்டவில்லை. மணலில் கூம்பு நத்தைகள் சில இன்றும் வாழ்கின்றன. அவற்றை அவர் எடுப்பதில்லை. அவை கசடு தின்கின்றன. மணலைக் கிளறிக் கெட்ட காற்றுத் தேங்காமல் காக்கின்றன. பகலில் அவையெல்லாம் ஒருசேர மணலைவிட்டு நீர்மட்டத்திற்கு ஏறினால், நீரில் உயிர்வளி குறைந்தது என்று பொருள். மீன் தவிப்பதற்கு முன்னரே நத்தை அறிவித்துவிடும். தொல்லையென்று கருதப்பட்டது காவலாயிற்று.

நத்தை வயிற்றில் முத்துப் பிறந்ததுபோல என்பது பழமொழி. எல்லா நத்தை வயிற்றிலும் முத்துப் பிறப்பதில்லை. அதனை எதிர்பார்ப்பதும் பேதைமை. ஆயினும் வேண்டாதது ஒன்று பெருகும்போது, அதனை உடனே அழிக்க நஞ்சைத் தேடுவதும், கண்காணா இடத்தில் கொட்டிவிட்டு மறப்பதும் மனிதர்க்கு எளிய வழிகளாகத் தோன்றுகின்றன. முதல்வழி தன் வீட்டையே கெடுக்கின்றது. இரண்டாவது பிறர் வயலைக் கெடுக்கின்றது. மூன்றாவது வழி ஒன்றுண்டு, அது மெதுவானது. பெருகுவதற்கு உணவிடும் கை எதுவென்று பார்ப்பதே அவ்வழி. வகுப்பறையிலும் இல்லத்திலும் சமுதாயத்திலும், களையைச் சினந்துகொள்ளும் முன்னர், அதற்கு ஊற்றப்படும் நீரைத் தேடிக் காண்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராக மாணவர் வளர வேண்டுமாயின், அவர்கள் கையில் முதலில் தர வேண்டுவது ஓர் ஏடும் எழுதுகோலும், பொறுமையாக எண்ணிப் பார்க்கும் பழக்கமும் ஆகும்.